திரும்பி வந்த அறுபதாயிரம்



2017-ம் வருஷம் ஒரு ஞாயிறு ஆராதனையில் நான் ஒரு சாட்சி சொன்னேன். உங்களில் பலருக்கு அது ஞாபகம் இருக்கும். வீட்டு மனைக்குக் கொடுத்த முன்பணம் இனி வராது என்று எல்லாரும் கைவிட்ட பிறகு, ஒரு ரூபாய்கூடக் குறையாமல் அது என் கைக்குத் திரும்பி வந்தது என்று சொன்னேன். நீங்களும் கைதட்டி தேவனை மகிமைப்படுத்தினீர்கள். அந்தச் சாட்சியில் பாதியைத்தான் சொன்னேன். மறுபாதியை இந்த மாதம் எழுதுகிறேன். சொந்த வீட்டுக்காக ஜெபிக்கிற குடும்பங்கள் நம் சபையில் அநேகம். அவர்களுக்காக இதை எழுதியே ஆக வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்குள் ஒரு பாரம்.

கேள்வி இதுதான். வீடு வாங்கப் போகிற இடத்தில் எதிர்பாராத தடை வந்துவிட்டால், அதை யார் தலையில் வைப்பது? தேவன் தலையிலா, பிசாசு தலையிலா, நம்முடைய தலையிலா, அல்லது நமக்குப் பின்னால் வருகிற மனுஷன் தலையிலா?

வாடகை வீட்டுக்காரனின் ஜெபம்

கொடைக்கானலில் வாடகைக்குக் குடியிருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பங்குனி முடிந்து சித்திரை வருகிறது என்றாலே மனதில் ஒரு கலக்கம். சீசனுக்கு வீட்டை டூரிஸ்டுகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால், நாம் ஒரு மாதத்தில் கொடுப்பதை இரண்டு நாளில் எடுத்துவிடலாம். வீட்டுக்காரரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அவருக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனாலும் கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் நாங்கள் ஏழு வீடு மாறினோம். மூஞ்சிக்கல்லில் இருந்தோம், நாயுடுபுரத்தில் இருந்தோம், செண்பகனூரில் இருந்தோம். ஒவ்வொரு முறையும் பிள்ளைகளின் புத்தகப் பெட்டியும், சபையின் ஹார்மோனியமும், என் ஒயரிங் சாமான் மூட்டையும் ஜீப்பில் ஏறி இறங்கின.

யோசித்துப் பார்த்தால் இந்த ஊரே அடைக்கலம் தேடி வந்தவர்களால் வளர்ந்த ஊர். பளியர்கள் ஆதிமுதல் வாழ்ந்த இந்த மலையில், 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கீழே மதுரைச் சமவெளியில் காய்ச்சலும் நோயும் அவர்கள் குடும்பங்களை வாரிக்கொண்டு போனதால் மேலே ஏறி வந்தார்கள். ஆகவே கூரை ஒன்று வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல. அதைக் கேட்டு ஜெபிப்பதும் பாவமல்ல.

நான் பார்த்த மனை

2016 ஜூலை மாதம் ஒரு புரோக்கர் மூலமாக ஒரு மனை வந்தது. பெருமாள்மலைக்குக் கீழே ஒரு கிராமம். மூன்று சென்ட், நாலரை லட்சம். போய்ப் பார்த்தேன். மேற்கே பார்த்தால் மேகம் தவழ்ந்து வருகிறது, கீழே வாழைத்தோட்டம். என் மனைவி அங்கேயே முழங்கால்படியிட்டு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டாள். சரிவை வெட்டி மனைகளாக மட்டப்படுத்தியிருந்தார்கள். எங்கள் மனைக்கு மேல்பக்கத்தில் பன்னிரண்டு அடி உயரத்துக்கு மண் செங்குத்தாக நின்றது. கல் கட்டவில்லை. அதன் அடியில் கைவிரல் கனத்துக்குத் தண்ணீர் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது.

பிரியமானவர்களே, நான் ஒயர்மேன். இந்த மலையில் இருபது வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறவன். வெட்டின மண்ணின் அடியில் தண்ணீர் கசிந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கேளாமலே தண்ணீரும் கொடுத்திருக்கிறார், இது ஆசீர்வாதம்" என்று சொன்னேன். ஆசை வந்துவிட்டால் எச்சரிப்பைக்கூட ஆசீர்வாதம் என்று வாசித்துவிடுகிறோம்.

முன்பணம் ஒன்றரை லட்சம். மனைவியின் மூன்று பவுன் சங்கிலியும், ஏலச்சீட்டு எடுத்த பணமும், மாமனார் கொடுத்த இருபதாயிரமும் சேர்ந்தது அது. முத்திரைத்தாளில் ஓர் உடன்படிக்கை எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அதைப் பதிவு செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்தே விலை உடன்படிக்கையையும் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. நான் விசாரிக்கவில்லை. மனைப்பிரிவுக்கு அனுமதி உண்டா என்று கேட்டேன். "எல்லாம் இருக்குங்கய்யா, பட்டாவே இருக்கே" என்றார் விற்கிறவர். பட்டா வேறு, மனைப்பிரிவு அனுமதி வேறு என்று அப்போது எனக்குத் தெரியாது. இருபத்தோராம் நாள் உபவாச ஜெபத்தை முடித்தேன். ஒரு மணி நேரம் செலவழித்து ஒரு வக்கீலைப் பார்க்கவில்லை.

இரண்டு தடைகள்

செப்டம்பர் கடைசியில் பத்திரப்பதிவு என்று நாள் குறித்திருந்தோம். 2016 செப்டம்பர் 9-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. விவசாய நிலங்களை அனுமதியில்லாமல் மனைகளாகப் பிரித்து விற்பதை எதிர்த்து ஒரு பொதுநல வழக்கு நடந்தது. அதில்தான், அங்கீகாரம் இல்லாத மனைகளையும் அவற்றில் கட்டின வீடுகளையும் பதிவு செய்யக்கூடாது என்று உத்தரவானது. தமிழ்நாடு முழுவதும் சார்பதிவாளர் அலுவலகங்களில் வேலை அப்படியே நின்றது. மகள் கல்யாணத்துக்காக மனையை விற்க வந்தவரும், வாழ்நாள் சேமிப்பில் வாங்க வந்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உத்தரவு தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஏரியையும் வயலையும் மலைச்சரிவையும் கூறுபோட்டு விற்றதற்கு ஒருநாள் கணக்குக் கேட்கத்தானே வேண்டும்? ஆனால் அந்தக் கணக்கு சிறியவன் வீட்டு வாசலுக்கும் வந்தது.

2017 மே மாதத்தில் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-ஐ எல்லைத் தேதியாக வைத்தார்கள். ஆனால் மலைப்பகுதிக்கு அது பொருந்தவில்லை. மலைப்பகுதி மனைகளுக்குத் தனி விதிகள் 2020-ல்தான் வந்தன. இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: நாள் தள்ளிப்போகிறது, பணம் மாட்டிக்கொண்டது.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். நவம்பர் 8-ம் தேதி ராத்திரி ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மறுவாரமே அவர் வீடு தேடி வந்து தொண்ணூறாயிரம் ரூபாய் கொடுத்தார், எல்லாம் பழைய நோட்டு. நானும் மனைவியும் குளிரில் வரிசையில் நின்று எங்கள் கணக்கில் கட்டினோம். பாக்கி அறுபதாயிரம். "அந்த மனை வேற ஆளுக்குப் போனதும் கண்டிப்பா தந்துடுறேன் ஐயா" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் என் சோதனை ஒளிந்திருந்தது.

தடைக்கு மூன்று பேர்

இந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர்கள் அந்தத் தடைக்கு மூன்று பேர் வைத்தார்கள். "பாஸ்டர், இது சத்துருவின் போராட்டம், எதிர்த்து நில்லுங்க" என்று ஒருவர். "இது தேவ சித்தம் இல்லை, அதான் கதவை அடைச்சிட்டார்" என்று இன்னொருவர். "உங்க விசுவாசத்தைச் சோதிக்கிறார், பொறுத்திருங்க" என்று வேறொருவர். மூன்று பேரும் அன்பினால் சொன்னவர்கள்தான். ஆனால் ஒருவராவது "ஐயா, நீங்க பேப்பரைப் படிச்சீங்களா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். எந்தப் பேர் வைத்தாலும் என் அஜாக்கிரதை மறைந்துவிடுகிறது. அதனால் எனக்கு மூன்றுமே இனித்தது.

வேதத்தில் நிலம் வாங்கின ஒரு தீர்க்கதரிசி உண்டு. எரேமியா 32-ம் அதிகாரத்தை வாசியுங்கள். பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி முற்றிக்கை போட்டிருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கும்படி கர்த்தரே சொல்லுகிறார். தேவனே சொல்லிவிட்டாரே, இனி எதற்குக் காகிதம் என்று அவர் இருந்துவிட்டாரா? இல்லை. பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதுகிறார், முத்திரை போடுகிறார், சாட்சிகளை வைக்கிறார். முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று என்று இரண்டு பிரதி. இரண்டையும் பாருக்கின் கையில் கொடுத்து, அநேக நாள் கெடாமலிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லுகிறார். விசுவாசம் காகிதத்தைத் தள்ளுவதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நான் எரேமியாவின் வாக்குத்தத்தத்தை எடுத்துக்கொண்டேன், எரேமியாவின் பத்திரத்தை விட்டுவிட்டேன்.

குவைத்திலிருந்து வந்த சகோதரன்

2017 ஜனவரியில் நம் சபையைச் சேர்ந்த ஒரு வாலிப சகோதரன் குவைத்திலிருந்து வந்தான். "பாஸ்டர், கொஞ்சம் காசு சேர்த்திருக்கேன். அம்மாவுக்கு ஓர் இடம் வாங்கணும், நீங்கதான் காட்டணும்" என்றான். அன்று சாயங்காலமே புரோக்கர் வந்தார். "உங்க உடன்படிக்கையை அப்படியே அந்தத் தம்பிக்குக் கைமாத்தி விட்டுடுங்க. உங்க அறுபதாயிரமும் வந்துடும், அவருக்கும் மனை கிடைச்சிடும். பதிவு எல்லாம் சீக்கிரம் திறந்துடும்" என்றார்.

ராத்திரி இதை மனைவியிடம் சொன்னேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், "என்னங்க, நமக்கு ஆகாததை அந்தப் பிள்ளைக்கு எப்படிங்க கொடுப்பீங்க?" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் அந்தச் சகோதரனிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். கசியும் தண்ணீரையும் சொன்னேன். அவன் அந்தப் பக்கமே போகவில்லை. எனக்குள் ஒரு திருப்தி. நல்ல மேய்ப்பனாக இருந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

டீக்கடையில் கேட்ட கேள்வி

ஒரு மாதம் கழித்து பெருமாள்மலை டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஜீப் ஓட்டுகிற ஒருவர் பக்கத்தில் வந்தார். முகம் தெரியும், பழக்கம் இல்லை. நம் சபையார் அல்ல. "ஐயா, கீழ அந்த மனை நீங்க பார்த்து வச்சிருந்ததாமே. எப்படிங்கய்யா இடம்?" என்று கேட்டார்.

பிரியமானவர்களே, அந்த நேரத்தில் என் மனதில் ஓடினதை மறைக்காமல் எழுதுகிறேன். இவர் வாங்கினால் என் அறுபதாயிரம் வந்துவிடும். பொய் சொல்ல வேண்டாம், ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். "இடம் பரவாயில்லை. காத்து நல்லா வரும்" என்று சொன்னேன். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. டீ குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

சித்திரை மாதம் மனை கைமாறியது. அதுவும் பதிவு இல்லாமல் வெறும் உடன்படிக்கைத் தாளில்தான். விற்றவர் சொன்னபடியே அறுபதாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். அந்தப் பணத்தைத்தான் நான் பிரசங்க பீடத்தில் நின்று சாட்சியாகச் சொன்னேன்.

2018 நவம்பர் 16

கஜா புயல் 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி, அன்றே இந்த மலை வரைக்கும் வந்தது. நீங்களும் அனுபவித்தீர்கள். மரங்கள் விழுந்து பாதை அடைபட்டது, கரண்ட் இல்லை, பல இடங்களில் மண் சரிந்தது. ஒயர்மேன் என்பதால் நான் நாள்கணக்கில் கம்பத்துக்குக் கம்பம் அலைந்தேன். மூன்றாம் நாள் அந்தக் கிராமத்துக்குப் போனேன்.

அந்த ஜீப் டிரைவர் ஹாலோபிளாக் கல்லில் இரண்டு அறை கட்டியிருந்தார். மேல்பக்கத்து மண் இறங்கி வந்து அடுப்படியை மூடியிருந்தது. பின்சுவர் உள்ளே விழுந்து கிடந்தது. பிள்ளைகள் முன்னறையில் இருந்ததால் தப்பினார்கள். அவருடைய தாயாருக்குக் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். மனை அவர் பெயரில் பதிவாகவில்லை, பட்டா இல்லை. ஆகவே வங்கியில் கடன் கேட்கவும் வழியில்லை.

இந்தச் செய்தி சபையில் பரவியது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டு மூன்று பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "பாஸ்டர், அன்னைக்கு கர்த்தர் ஏன் கதவை அடைச்சார்னு இப்ப தெரியுது பாருங்க! அந்த வீட்டில் நீங்கள்ல இருந்திருக்கணும்! அல்லேலூயா! இதைச் சாட்சியா சொல்லுங்க" என்றார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. கதவை அடைத்து என்னைக் காப்பாற்றினவர் தேவன் என்றால், அந்தத் தாயாரின் மேல் மண்ணைத் தள்ளினவர் யார்? என் பிள்ளைகளுக்குத் தேவன், அவர் பிள்ளைகளுக்கு யார்?

அன்று ராத்திரி லூக்கா 13-ம் அதிகாரத்தைத் திறந்தேன். சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் செத்துப்போன சம்பவத்தை ஆண்டவர் அங்கே பேசுகிறார். செத்தவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் கொடிய குற்றவாளிகளா என்று கேட்கிறார், அப்படியல்ல என்று தாமே பதிலும் சொல்லுகிறார். பிறகு விழுந்தவர்களை விட்டுவிட்டு, தப்பி நிற்கிறவர்கள் பக்கம் திரும்பி, மனந்திரும்பும்படி சொல்லுகிறார். பத்து தடவை பிரசங்கித்த வசனம் அது. அந்த ராத்திரிதான் எனக்குத் தெரிந்தது, அதில் ஆண்டவர் விரல் நீட்டுவது நிற்கிற என்னை நோக்கி என்று.

மவுனம் பொய்யா?

பைபிள் காலேஜில் நான் டிப்ளமோ படித்தபோது ஒழுக்கவியல் வகுப்பில் ஒரு பழைய வழக்கைச் சொன்னார்கள். ரோமாபுரியில் வாழ்ந்த சிசெரோ என்கிற அறிஞர், கிறிஸ்துவுக்கு முன் 44-ம் வருஷம், கடமைகளைப் பற்றித் தன் மகனுக்கு ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு வீடு வருகிறது. உத்தரங்கள் உளுத்துப்போயிருக்கின்றன, படுக்கை அறைகளில் பாம்பு, குடியிருந்தால் நோய். இது சொந்தக்காரனுக்கு மட்டும் தெரியும். அவன் வாங்குகிறவனிடம் சொல்ல வேண்டுமா? டயோஜெனிஸ் என்ற ஆசிரியர், அவன் பொய் சொல்லவில்லை, வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் இல்லை, ஆகவே குற்றமில்லை என்கிறார். அவருடைய மாணாக்கர் அன்டிபாட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. வழி தவறினவனுக்கு வழி காட்டாமல் விடுவதைவிட இது மோசம் என்கிறார். தன் லாபத்துக்காக மறைக்கிறவன் நேர்மையுள்ளவன் அல்ல என்று சிசெரோ தீர்ப்புச் சொல்லுகிறார்.

பரீட்சையில் நான் அன்டிபாட்டர் பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். டீக்கடையில் டயோஜெனிஸ் பக்கம் நின்றேன்.

நம் நாட்டுச் சட்டமும் இதைத் தொடுகிறது. 1882-ம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ம் பிரிவின்படி, வாங்குகிறவர் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்கிறவர் சொல்லியாக வேண்டும். "நான் விற்கிறவன் இல்லையே, எனக்கென்ன?" என்று நான் கேட்கலாம். மனுஷருடைய கோர்ட்டில் அது நிற்கும். ஆனால் விற்ற பணத்தில் அறுபதாயிரம் என் சட்டைப்பைக்கு வந்தது. பங்கு வாங்கினவன் பங்காளிதான்.

இன்னொன்றையும் கவனித்தேன். குவைத்திலிருந்து வந்த தம்பிக்கு எல்லாவற்றையும் சொன்னேன், ஜீப் ஓட்டுகிறவருக்குச் சொல்லவில்லை. ஏன்? இவன் நம் சபை, அவர் அந்நியர். நான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது வெறும் சொந்தக்கார பாசம். உபாகமம் 22:8-ல் புதிய வீடு கட்டுகிறவனுக்கு ஒரு கட்டளை உண்டு. மொட்டை மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும், ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. விழப்போகிறவன் யார், எந்த ஜாதி, எந்தக் கூட்டம் என்று அங்கே கேட்கவில்லை. புது வீட்டைப் பற்றி நியாயப்பிரமாணம் பேசும்போது, அதில் குடியேறுகிறவனுடைய சந்தோஷத்தைப் பேசாமல் அயலானுடைய உயிரைப் பேசுகிறது. இதை நிதானித்து யோசியுங்கள்.

திருப்பிக் கொடுத்தது

டிசம்பரில் நான் அவரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். "அந்தத் தண்ணி எனக்கு முன்னாடியே தெரியும். என் பணம் திரும்ப வரணும்னு சொல்லாம இருந்துட்டேன்" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. ரொம்ப நேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல ஐயா" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் சில ராத்திரிகளில் அந்தக் குரல் கேட்கிறது.

அந்த அறுபதாயிரத்தை நான்கு தவணையாக அவரிடம் கொடுத்தோம். மனைவிதான் முதலில் சொன்னாள். மறுபடி கட்டின வீட்டுக்கு ஒயரிங் செய்துகொடுத்தேன். மேல்பக்கத்தில் கருங்கல் தடுப்புச்சுவரும், தண்ணீர் வெளியேறக் குழாயும் வைத்த பிறகே சுவர் எழும்பியது. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. சகேயு வாங்கினதற்கு நாலத்தனை திருப்பித் தர முன்வந்தான், நான் ஒரு மடங்குதான் கொடுத்தேன். அந்தத் தாயார் இப்போதும் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார்கள். அவர் நம் சபைக்கு வரவில்லை. அதற்காக நான் போகவும் இல்லை.

வீடு வாங்கப் போகிறவர்களுக்கு

நாங்கள் 2022-ல் பண்ணைக்காடு பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கினோம். அதிலும் தடை இல்லாமல் இல்லை. முத்திரைத்தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக்கட்டணம் 4, ஆக 11 ரூபாய் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்ன உவமையைப் (லூக்கா 14:28) பிரசங்கித்தவன்தான் நான்! 2023-ல் பதிவுக்கட்டணம் 2 ஆகக் குறைந்தது, கூடவே வழிகாட்டி மதிப்பும் உயர்ந்தது. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டலாம் என்றார்கள். ஆபிரகாம் மக்பேலா குகைக்கு நானூறு சேக்கல் முழு விலையை எல்லார் முன்பாகவும் நிறுத்துக் கொடுத்ததை நினைத்து வேண்டாம் என்றோம். பதிவு மூன்று மாதம் தள்ளிப்போனது.

என் தவறிலிருந்து படித்ததைச் சுருக்கமாக வைக்கிறேன்.

1. முன்பணம் கொடுக்குமுன் மூலப்பத்திரத்தையும், முப்பது வருஷ வில்லங்கச் சான்றையும், பட்டாவையும், புலப்படத்தையும் நமக்குச் சம்பந்தமில்லாத ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பதிவு செய்யாத உடன்படிக்கையும் நடக்கிற வழக்கும் வில்லங்கச் சான்றில் தெரியாமல் போகலாம். அக்கம்பக்கத்திலும் விசாரியுங்கள்.

2. மனைப்பிரிவுக்கு அனுமதி உண்டா என்று தனியாகக் கேளுங்கள். மலையில் அநேக கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகின்றன. அங்கே விதிகள் கடுமை. 2019-ல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலில் அனுமதியில்லாத கட்டிடங்களுக்குச் சீல் வைத்ததைக் கண்ணால் பார்த்தோம்.

3. இடத்தை வெயிலில் மட்டும் பார்க்காதீர்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே கசிகிறது, எந்த வழியாக ஓடுகிறது, மேல்பக்கத்து மண் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று கவனியுங்கள்.

4. உடன்படிக்கையைப் பதிவு செய்யுங்கள். தடை வந்தால் முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வர வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள்.

5. தடை வந்துவிட்டால் அதற்கு உடனே பேர் வைக்காதீர்கள். முதலில் உங்கள் பங்கு என்ன என்று பாருங்கள். பிறகு மனுஷருடைய பங்கு. மீதியைத் தேவனுடைய கையில் விட்டுவிட்டுக் காத்திருங்கள்.

6. நீங்கள் கண்ட குறையைக் கேட்கிற எவருக்கும் சொல்லுங்கள். சபையார் என்றும் பாராமல், புறத்தார் என்றும் பாராமல் சொல்லுங்கள். உங்கள் பணம் அதில் மாட்டியிருந்தாலும் சொல்லுங்கள்.

அன்பானவர்களே, "இழந்தது திரும்பி வந்தது" என்று சாட்சி சொல்ல எழுந்திருக்குமுன், அது யாருடைய கையிலிருந்து வந்தது என்று ஒருதரம் விசாரித்துவிடுங்கள். நான் விசாரிக்காமல் எழுந்தேன். நீங்களும் என்னை நம்பிக் கைதட்டினீர்கள். அதற்காகச் சபையாகிய உங்களிடத்திலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இந்த மாத வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், வாடகை வீட்டில் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்காகவும், சரிவுகளில் குடியிருக்கிற எல்லாருக்காகவும் ஜெபிப்போம். வீட்டுப் பத்திரங்களைப் பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் ஜெபம் முடிந்த பின் தயங்காமல் என்னிடம் பேசுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன், தெரியாததற்கு வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போகிறேன்.

கர்த்தர் தாமே உங்கள் ஒவ்வொருவருடைய வீட்டையும் காத்து நடத்துவாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்